மணிக்கட்டின் பாரக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்திலிருந்து வந்துள்ளன. விசைத்தறியை நம்பி வாழும் ஊர்களிலிருந்து மணிக்கட்டைப் பற்றி இத்தனை கேள்விகள் வருவதில் வியப்பில்லை. எலும்பு முறிவுக்குப் பொருத்தப்படும் உலோகத் தகடுகள் குறித்தும், அவற்றைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது குறித்தும் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். என் பதில்கள் எந்திரவியல் நோக்கில் எழுதப்பட்டவை. சிகிச்சை குறித்த முடிவை உங்கள் மருத்துவரோடு கலந்துதான் எடுக்க வேண்டும்.

என் கணவர் தறி ஓட்டுபவர். வண்டியிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். பிளேட்டின் வலிமையைக் கணினியில் கணக்கிட்ட பிறகே தயாரிக்கிறார்கள் என்றும், அது எலும்பைவிட உறுதியானது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் ஏன் கட்டுப்படுத்துகிறார்? அவர் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது கடினம், ஐயா.
– ஒரு வாசகி, நகரி

உங்கள் கவலை புரிகிறது, அம்மா. மருத்துவர் சொன்னது சரி. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் இந்த மூன்று மாதங்களைப் பொறுத்துக்கொள்வது சற்று எளிதாகும் என்று நம்புகிறேன்.

கையில் பத்து கிலோ பிடித்தால் மணிக்கட்டில் பத்து கிலோ பாரம்தான் விழும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அப்படியில்லை. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரல்களுக்குப் போகின்றன. நாம் ஒரு பொருளை இறுகப் பற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நாண்கள் கையை முன்கையை நோக்கி இழுத்து, மணிக்கட்டின் சிறு எலும்புகளை ரேடியஸ் என்னும் பெருவிரல் பக்கத்து எலும்பின் முனையில் அழுத்துகின்றன. இறந்தவர்களின் கைகளை ஆய்வகத்தில் வைத்து அளந்தபோது, விரல்களின் பிடியில் 10 நியூட்டன் விசை இருந்தால் ரேடியஸின் முனை வழியாக 26 முதல் 52 நியூட்டன் வரை கடந்து செல்வது தெரியவந்தது. ஈரத் துணியைப் பிழிவதோ, பாவு பீமைப் பிடித்துத் தூக்குவதோ, இறுகிய நட்டைத் திருகுவதோ முறிந்த இடத்தில் எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். பாரமே தூக்காமல் வெறுமனே இறுகப் பற்றினாலும் இதே கதைதான்.

அடுத்தது பிளேட். தகடு உறுதியானதுதான், ஆனால் ஆபத்து அதற்கு வெளியே இருக்கிறது. ரேடியஸின் முனைப் பகுதியில் வெளியே மெல்லிய கெட்டி ஓடும் உள்ளே துளைகள் நிறைந்த பஞ்சு எலும்பும்தான் உள்ளன. ஸ்குரூக்கள் அந்தப் பஞ்சு எலும்பில்தான் பிடித்திருக்கின்றன. கணினி மாதிரிகளில் உலோகம் தாங்கும் வரம்புக்கு வெகு கீழே நின்றுகொண்டிருக்கும்போதே, ஸ்குரூவைச் சுற்றியுள்ள எலும்பு தன் வரம்பைத் தொட்டுவிடுவதைக் காண முடிகிறது. எலும்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் நசுங்கினாலே நிரந்தரமாகச் சேதமடையத் தொடங்கிவிடும். அங்கே தளர்ச்சி ஏற்பட்டால், தகடு முழுதாக இருக்கும்போதே முறிவு நகர்ந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே முறை வரும் பெரிய பாரத்தைத் தாங்கும் உலோகம், அதைவிடச் சிறிய பாரம் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் களைத்து விரிசல் விடும். எலும்பு ஒட்டும் வரை மட்டும் துணை நிற்பதற்காகவே தகடு வடிவமைக்கப்படுகிறது. எலும்பு கூடக்கூடப் பாரத்தில் தன் பங்கைத் தானே ஏற்றுக்கொள்ளும்.

தயாரிப்பாளர்கள் செய்யும் கணினிக் கணக்கு பொதுவான ஓர் எலும்புக்குச் செய்யப்படுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் உங்கள் கணவரின் எலும்பு இல்லை. ஆனால் விரல்களை அசைக்கலாமா, எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் தொடக்கத்திலேயே அசைக்கச் சொல்வார்கள். எதையும் பற்றாமல் விரல்களை மடக்கி நீட்டுவதால் வரும் விசை சிறியது. அசைக்காமலே விட்டால் விரல்கள் விறைத்துப்போய், எலும்பு கூடிய பிறகும் இழை முடிச்சுப் போட முடியாத நிலை வரலாம்.

எனக்கு வயது 28. விசைத்தறி மெக்கானிக். வலது மணிக்கட்டில் நெடுநாள் வலி. லூனேட் என்ற சிறு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது செத்துக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேனில் கண்டுபிடித்தார்கள். அதற்காக நன்றாக இருக்கும் ரேடியஸ் எலும்பை வெட்டி இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். நோய் ஓர் எலும்பில் இருக்க, வேறோர் எலும்பை ஏன் வெட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், பள்ளிப்பட்டு

இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். மணிக்கட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பதால் நோயாளிக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால் உங்கள் நோயைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசைகளாக அமைந்திருக்கின்றன. முன்கைக்கு அருகில் உள்ள வரிசையின் நடுவில் இருப்பது லூனேட். கையிலிருந்து வரும் பாரம் அந்த வரிசை வழியாக இறங்கி, முன்கையின் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கத்து அல்னா என்ற இரண்டு எலும்புகளுக்கும் பிரிந்து செல்கிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் முடியும் கையில் ஏறக்குறைய 80 சதவீதம் ரேடியஸுக்கும் 20 சதவீதம் அல்னாவுக்கும் போகும். 1984 இல் பாமர், வெர்னர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகள் ஒரு நுட்பமான உண்மையைக் காட்டின. அல்னாவை 2.5 மில்லிமீட்டர் நீளமாக்கினால் அதன் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே அளவு குட்டையாக்கினால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லாத அந்த அளவு, பாரம் போகும் வழியையே மாற்றிவிடுகிறது.

உங்கள் நோயை 1910 இல் வியன்னாவைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ராபர்ட் கின்பெக் விவரித்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. 1928 இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹுல்டென், இந்நோய் உள்ளவர்களில் பலருக்கு அல்னா ரேடியஸைவிடக் குட்டையாக இருப்பதைக் கவனித்தார். அல்னா பின்வாங்கி நிற்கும்போது லூனேட்டின் மீது விழும் பாரத்தை ரேடியஸ் விளிம்பே ஏறக்குறைய முழுவதுமாக எதிர்கொள்கிறது. ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த எலும்புக்கு இது கூடுதல் சுமை.

ரேடியஸை இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து, பாரத்தின் ஒரு பங்கு அல்னாவை நோக்கி நகர்ந்து, லூனேட்டுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதே உங்கள் மருத்துவரின் எண்ணம். இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. எலும்புகளைக் கெட்டியான பொருள்களாகவும், குருத்தெலும்பையும் எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்ட்களையும் வில்சுருள்களாகவும் வைத்துக் கணினியில் ஒரு மாதிரி உருவாக்கி, இந்நோய்க்குச் செய்யப்படும் பலவகை அறுவை முறைகளை 1990 இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மட்டத்தைச் சரிசெய்யும் முறையில் லூனேட்டின் மீதான விசை கணிசமாகக் குறைந்தது; வேறு சில முறைகளில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. எல்லா முறைகளையும் ஒரே நோயாளியின் கையில் செய்து பார்க்க முடியாது. ஆனால் கணினியில் ஒரே மணிக்கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் தனித்தனியே சோதிக்கலாம். இவ்வகைக் கணக்கின் உண்மையான பலம் அதுதான்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் எக்ஸ்ரேயில் அல்னா உண்மையில் குட்டையாக இருக்கிறதா? சமமாகவோ நீளமாகவோ இருப்பவருக்கு ரேடியஸைக் குறைத்தால், அல்னா பக்கத்தில் பாரம் அதிகமாகி வேறு வலி வரலாம். லூனேட் ஏற்கெனவே உடைந்து நொறுங்கியிருந்தாலும் சிகிச்சை மாறும்.

டைட்டானியம் பிளேட் நல்லதா, ஸ்டீல் பிளேட் நல்லதா? விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.
– ஒரு வாசகர், பொதட்டூர்பேட்டை

ஒரு பொருளின் விறைப்பை யங் குணகத்தால் அளக்கிறோம்; எண் கூடினால் விறைப்பும் கூடும். கெட்டி எலும்புக்கு அது 17 முதல் 20 கிகாபாஸ்கல், டைட்டானியம் கலவைக்கு ஏறக்குறைய 110, ஸ்டீலுக்கு 190 முதல் 200. எலும்பைவிட மிக விறைப்பான உலோகம் பாரம் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டால், வேலையற்ற எலும்பு மெலியும். பாரத்துக்கு ஏற்பவே எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று 1892 இல் ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் எழுதியது இதற்கு அடிப்படை. அந்த வகையில் டைட்டானியத்துக்குச் சாதகம் உண்டு. எனினும் தகட்டின் தடிமன் இருமடங்கானால் வளைவுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்காகிவிடும் என்பதால், உலோகத்தைவிட வடிவமைப்பே அதிகம் தீர்மானிக்கிறது. மணிக்கட்டு முறிவுக்கு இரண்டுமே நன்றாகப் பயன்படுகின்றன. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் ஸ்டீலைத் தவிர்க்கலாம். மற்றவர்கள் விலைக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நான் இறுதியாண்டு எந்திரவியல் மாணவி. சிடி ஸ்கேனிலிருந்து ரேடியஸ் எலும்பை எடுத்து, டைட்டானியம் பிளேட்டும் ஸ்குரூக்களும் பொருத்தி, 100 நியூட்டன் விசை கொடுத்து, பொருளைச் சிறு கூறுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் ஆய்வு செய்தேன். வலைக்கண் அளவு 2 மில்லிமீட்டராக இருந்தபோது அதிகபட்சத் தகைவு (பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் விழும் விசை) 450 மெகாபாஸ்கல். 1 மில்லிமீட்டரில் 615. அரை மில்லிமீட்டரில் 840. ஸ்குரூ பிளேட்டோடு சேரும் மூலையில்தான் இது வருகிறது. பிளேட் உடையும் என்று அறிக்கையில் எழுதலாமா? எலும்பு முழுவதற்கும் யங் குணகம் 17 கிகாபாஸ்கல் என்று கொடுத்திருக்கிறேன்.
– ஒரு மாணவி, திருத்தணி

எழுத வேண்டாம். ஆனால் மூன்று அளவுகளிலும் செய்து பார்த்து மூன்று எண்களையும் அனுப்பியதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஒரே ஒரு வலையில் கணக்கிட்டு, சிவப்பு நிறம் தெரியும் படத்தை ஒட்டி முடித்துவிடும் ஆய்வறிக்கைகளே அதிகம்.

உங்கள் எண்களை மீண்டும் பாருங்கள். வலைக்கண்ணைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் தகைவு ஏறக்குறைய 1.37 மடங்கு கூடியிருக்கிறது. அடுத்து கால் மில்லிமீட்டருக்குப் போனால் 1150 பக்கம் வரும், எங்கும் நிற்காது. ஸ்குரூவின் தண்டையும் தகட்டையும் ஒரே பொருளாக இணைத்து, அவை சேரும் இடத்தை வளைவே இல்லாத செங்கோண உள்மூலையாக வரைந்திருக்கிறீர்கள் என்று இந்த எண்களே சொல்கின்றன. விசைக்கு நேர்விகிதத்தில் பொருள் உருமாறும் என்று கொள்ளும் நேரியல் மீட்சிக் கோட்பாட்டின்படி அப்படிப்பட்ட மூலையில் தகைவு முடிவிலி. செங்கோண மூலைக்கு அது கூடும் விகிதத்தைக் கணக்கிட்டால் இதே 1.37 கிடைக்கும். ஆகவே 840 என்பது உங்கள் வலைக்கண்ணின் அளவைக் காட்டும் எண். தகட்டின் தகைவு அன்று.

இதனால் மூலைகளில் தகைவு குவிவதே பொய் என்றாகிவிடாது. துணிக்கடையில் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுக் கொடுத்துவிட்டு இழுத்தால் துணி அங்கிருந்தே கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்திலும் வடிவம் திடீரென மாறும் இடத்தில்தான் விரிசல் தொடங்கும். அகன்ற தகட்டில் உள்ள வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898 இலேயே ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டுக் காட்டினார். அந்த மூன்று மடங்கு உண்மையானது. வலையை எவ்வளவு நுணுக்கினாலும் மூன்றிலேயே நிற்கும். உண்மையான ஸ்குரூவில் அந்த மூலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். அதை அளந்து வரையுங்கள். பிறகு வலையை நுணுக்கிக்கொண்டே போனால் எண் ஓரிடத்தில் நிலைகொள்ளும். நிலைகொண்ட பிறகே அதை நம்புங்கள்.

எலும்புக்கு ஒரே குணகம் கொடுத்தது இதைவிடப் பெரிய குறை. 17 கிகாபாஸ்கல் நடுத்தண்டின் கெட்டி எலும்புக்குப் பொருந்தும். உங்கள் ஸ்குரூக்கள் நிற்கும் முனைப் பகுதியின் பஞ்சு எலும்புக்கு அது ஒரு கிகாபாஸ்கலுக்கும் கீழே, வயதானவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குவரைகூடக் குறையலாம். எலும்பை இரும்புபோல ஆக்கிவிட்டால் ஸ்குரூவைச் சுற்றி எலும்பு நசுங்குவது கணக்கிலேயே வராது. அறுவை சிகிச்சை மருத்துவர் அஞ்சுவதோ அதைத்தான். நல்ல வேளையாக உங்களிடம் ஸ்கேன் இருக்கிறது. ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளியிலும், அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணிலிருந்து அடர்த்தியையும், அடர்த்தியிலிருந்து குணகத்தையும் பெற்று, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே கொடுக்கலாம்.

விசையை மூட்டின் நடுவில் ஒரே புள்ளியில் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ரேடியஸின் முனையில் பெருவிரல் பக்கத்துச் சிறு எலும்பான ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் தனித்தனிக் குழிகள் உண்டு. ஏறக்குறைய 60க்கு 40 என்ற விகிதத்தில் பிரித்து, குழியின் பரப்பு முழுவதும் பரப்பிக் கொடுங்கள். விகிதத்தைச் சற்று மாற்றி மீண்டும் கணக்கிட்டு, விடை எவ்வளவு மாறுகிறது என்பதையும் அறிக்கையில் காட்டுங்கள். 100 நியூட்டன் ஏன் என்ற கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். அது மிக இலேசான பிடிக்குரிய விசை. நகரி வாசகிக்கு எழுதிய பதிலைப் படித்தால் இது புரியும்.

எலும்புக்கு, உலோகம் நிரந்தரமாக வளையுமா என்று பார்க்க உதவும் வான் மைசஸ் தகைவைத் தராமல், எலும்பு அதிகபட்சமாக எவ்வளவு நீள்கிறது அல்லது நசுங்குகிறது என்று காட்டும் முதன்மைத் திரிபைத் தாருங்கள். "உடையும்", "உடையாது" என்ற தீர்ப்பைத் தவிர்த்து, இரண்டு தகட்டு வடிவங்களை ஒரே எலும்பில், ஒரே பாரத்தில் ஒப்பிடுங்கள். பாரம் பற்றிய உங்கள் ஊகம் சற்றுப் பிழையாக இருந்தாலும் ஒப்பீடு பெரும்பாலும் நிற்கும். 1956 இல் விமானச் சிறகுகளின் விறைப்பைக் கணக்கிட டர்னர், கிளஃப் முதலிய பொறியாளர்கள் இந்த ஃபைனைட் எலிமென்ட் முறையை வெளியிட்டபோது, அவர்கள் கணக்கை உண்மையான கட்டமைப்பின் சோதனையோடு ஒத்துப் பார்க்க முடிந்தது. 1972 இல் எலும்புக்கு வந்த பிறகு அந்தச் சரிபார்ப்புதான் கடினமாகிப் போனது. உங்கள் கல்லூரியில் பாரச் சோதனை எந்திரம் இருக்கும். ஒரு நெகிழி எலும்பில் தகட்டைப் பொருத்தி அழுத்தி, அது எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து கணினி விடையோடு வைத்துப் பாருங்கள். அந்த ஒரு பக்கம் உங்கள் அறிக்கையின் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட மதிப்புள்ளதாக இருக்கும். மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டாம்: ஸ்கேனைப் பிரிக்க 3டி ஸ்லைசர், கணக்கிட ஃபெபயோ அல்லது கால்குலிக்ஸ் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன.

மூட்டுவாதத்தால் என் தாயாரின் மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. முழங்கால் மூட்டு மாற்றுவதைப் போல மணிக்கட்டை மாற்றுவது ஏன் பரவலாக இல்லை?
– ஒரு வாசகர், ஆர்.கே.பேட்டை

முயற்சி பழையதுதான். 1890 இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்ற மருத்துவர் யானைத் தந்தத்தால் மணிக்கட்டு செய்து பொருத்தினார். 1960களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஸ்வான்சனின் சிலிக்கோன் மூட்டு வந்தது. அவற்றில் பல நாளடைவில் உடைந்தன. பின்னர் உலோகமும் பாலிஎத்திலீனும் சேர்ந்த மூட்டுகள் வந்தன. முழங்காலில் இரண்டு பெரிய எலும்புகள் உள்ளன. உலோகத்தைப் பதிக்க இடமுண்டு. மணிக்கட்டில் கைப் பக்கத்துப் பாகத்தைச் சிறு எலும்புகளில்தான் ஊன்ற வேண்டும். அங்கே தகைவு குவிந்து தளர்வதே நெடுங்காலச் சிக்கல். உங்கள் தாயார் கடும் கைவேலை செய்யாதவர் என்றால் மாற்று மூட்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கடினமாக உழைக்கும் கைக்கு, அசைவு போனாலும் வலி நீங்கிப் பல்லாண்டு உழைக்கும் மூட்டு இணைப்பையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள்.

தம்பி, எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் புத்தூர் கட்டுதான். சென்னையிலிருந்தும் வந்து கட்டிக்கொண்டு போகிறார்கள். மூங்கில் பட்டையும் துணியும் வைத்துக் கட்டும் அந்தக் கட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால் அது என்ன சொல்லும்?
– ஒரு முதியவர், புத்தூர்

வணக்கம், பெரியவரே. எந்திரவியல் நோக்கில், பட்டை வைத்துக் கட்டுவதும் மாவுக்கட்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை: வெளியிலிருந்து தோலையும் தசையையும் அழுத்தி எலும்பு வளையாமலும் பக்கவாட்டில் நகராமலும் தடுப்பவை. எலும்புத் துண்டுகள் ஏற்கெனவே நேராக நிற்கும் முறிவில் அது போதுமானது. கணினியில் போட்டாலும் அதையே சொல்லும். மணிக்கட்டு முறிவை 1814 இல் டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் விவரித்தபோது எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. கோணல் நின்றுவிட்டாலும் கை காலப்போக்கில் நன்றாக வேலை செய்யும் என்றே அவர் எழுதினார். முதியவர்கள் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் கட்டே போதும் என்பதை இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன.

வெளிக்கட்டால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. நொறுங்கிய ரேடியஸ் உள்ளுக்குள் அமுங்கிக் குட்டையாவதை அதனால் தடுக்க முடியாது, ஏனெனில் அழுத்தும் விசை கட்டுக்குள்ளேயே, நாண்களிலிருந்து வருகிறது. இரண்டரை மில்லிமீட்டர் குட்டையானால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிப்பட்டு வாசகருக்கு எழுதியிருக்கிறேன். இளைஞருக்கு முறிவு மூட்டுப் பரப்புக்குள் ஓடியிருந்தாலோ எலும்பு குட்டையாகிவிட்டிருந்தாலோ, கட்டுக்குப் போவதற்கு முன் எக்ஸ்ரேயை எலும்பு மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

இன்னொன்றையும் உங்கள் ஊரார் அனைவருக்கும் சொல்லுங்கள், ஐயா. கையை ஊன்றி விழுந்த பிறகு, பெருவிரலை நீட்டும்போது அதன் அடியில் தோன்றும் குழியில் அழுத்தினால் வலித்தால், அதைச் சுளுக்கு என்று நினைத்து நீவி விடக் கூடாது. அது ஸ்கேஃபாய்டு முறிவாக இருக்கலாம். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகவே நுழைகிறது. அதன் குறுகிய நடுப்பகுதியில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் நின்று எலும்பு கூடாமலே போகலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவதும் உண்டு. எனவே கையை அசையாமல் வைத்திருந்து, பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மீண்டும் ஒரு எக்ஸ்ரேயோ, வசதி இருந்தால் முன்பே ஒரு ஸ்கேனோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.